காற்றுப் புகாத வீடு

லாரிக்காரனுக்கு நம்பிக்கை வரவில்லை.

"சாமான் ஏத்தணும்னுதானேங்க சொன்னீங்க? வீட்டைக் காட்டுறீங்களே!"

"வீடும் சாமான்தான் தம்பி. கொஞ்சம் பொறுங்க, பலகை பலகையா வந்துரும்," என்றான் மாயாண்டி, இடுப்பில் செருகியிருந்த ஸ்பேனரை உருவியபடி.

சண்முகவடிவு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வீடு நின்ற அந்தச் சரிவு முழுக்கப் புதுத் தேயிலைக் கன்று நடப்போவதாகத் தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். மாயாண்டிக்கு ராகலைப் பக்கம் வேறொரு தோட்டத்தில் வேலை கிடைத்திருந்தது. அங்கே சிறியதாய் ஒரு துண்டு நிலமும் காட்டியிருந்தார்கள். பானையும் பாயும் ஏறும் லாரியிலேயே வீடும் ஏறப்போகிறது.

"மொதல்ல ஜன்னலக் கழட்டுங்க," என்றாள்.

"கூரையிலேர்ந்துதான் கழட்டணும் வடிவு. சுவரப் போயி மொதல்ல எடுத்தா வீடு சாஞ்சிரும்."

"அன்னைக்கு எடுத்தப்போ சாஞ்சுச்சா?"

மாயாண்டியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. காதோரம் நரைத்துப் போன பிறகும் அந்தச் சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பாகவே இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அந்தப் பழைய மழை நினைவுக்கு வந்தது.

அப்போது டிக்கோயாவுக்கு மேலே இந்த ஊசிமலைத் தோட்டத்தில், அவள் கல்யாணமாகி வந்த புதுசு. தொழிலாளர் லயத்தில் ஒரே காம்பரா, ஒற்றை அறை. அதில் மாயாண்டியின் அக்கா வேலாயி, அவள் புருஷன் மூக்கன், அவர்கள் பிள்ளைகள், பிறகு இவர்கள் இருவர். நடுவில் ஒரு சாக்குத் திரை. திரைக்கு இந்தப் பக்கம் ஒரு வார்த்தை பேசினால் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். "நாளைக்கு என்ன கறி வைக்க?" என்று இவள் புருஷன் காதில் கேட்டால், "முருங்கைக்கீரை இருக்குடி!" என்பாள் வேலாயி.

நல்ல மனசுக்காரிதான். ஆனால் அவளுடைய கடைக்குட்டி வருஷம் முழுக்க இருமிக்கொண்டே இருந்தது. கருங்கல் சுவர், எந்நேரமும் ஈரம். தொட்டால் கை பிசுபிசுக்கும். இருட்டில் அந்த இருமலைக் கேட்டபடி படுத்திருக்கும்போது சண்முகவடிவு ஒரு முடிவுக்கு வந்தாள். தனக்கென்று ஒரு பிள்ளை பிறந்தால், அதை இந்தச் சாக்குக்குப் பின்னால் படுக்க வைக்க மாட்டாள். காய்ந்த சுவர் உள்ள ஒரு அறை வேண்டும். எவ்வளவு சின்னதானாலும் சரி.

தோட்டத்தை நடத்தும் துரையிடம் கெஞ்சி, லயத்துக்கு மேலே ஒரு மூலை நிலம் வாங்கினான் மாயாண்டி. கல் வேலைக்குப் பொன்னையா வந்தார். அந்தத் தோட்டத்தில் பாதிக் கல்லணை அவர் கட்டியது. சித்திரையில் கல்லை அடுக்கி மண் பூசினார். இடுப்பளவு வந்த சுவரைத் தினமும் தடவிப் பார்த்தார்.

"காஞ்சாத்தான் மேல ஏத்த முடியும் தம்பி. அவசரப்பட்டா ஆகாது."

சுவர் காயவில்லை. அதற்குள் மழை வந்துவிட்டது. அது மலைநாட்டு மழை. வந்தால் வழிப்போக்கன் மாதிரி திண்ணையோடு போகாது, மாசக்கணக்கில் தங்கிவிடும். ஒரு நாள் காலையில் எல்லாரும் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குக் கூடியிருந்த நேரத்தில், மேலே மெதுவாக ஒரு சத்தம். பொன்னையாவின் சுவர் முழங்கால் மடித்து உட்கார்ந்துவிட்டது. அதே வாரத்தில்தான் சண்முகவடிவுக்கு நாள் தள்ளிப் போனது தெரிந்தது.

வேலாயி இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள்.

"சாமியே பாத்து இடிச்சிருச்சு. புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுல மண்ணு வெட்டக் கூடாது, வாசநெல வைக்கக் கூடாது. புள்ள பொறக்குற மட்டும் அந்தப் பக்கமே போகாத தம்பி."

அதை மீற யாருக்கும் தைரியமில்லை. சண்முகவடிவுக்கே இல்லை. பிள்ளை பிறக்கத் தை மாசம் ஆகிவிடும், அப்போது பனி. அதற்கப்புறம் ஆரம்பித்தால் மறுபடி மழை பிடித்துக்கொள்ளும். சுவர் எப்போது காய்வது? அவள் கொழுந்துக் கூடையோடு மலையில் நிற்கும்போதெல்லாம் அந்தக் கற்குவியலைப் பார்ப்பாள். தலையில் போர்த்திய மழைத்தாளுக்குள்ளே அழுதால் யாருக்கும் தெரியாது என்பது ஒரு வசதி.

மாயாண்டிக்கு ஸ்டோரில் பெட்டி அடிக்கிற வேலை. தேயிலைத் தொழிற்சாலையை அங்கே ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். தேயிலைப் பெட்டிகள் பெட்டிகளாக வருவதில்லை. மெல்லிய பலகைகள், சட்டங்கள், தகரப் பட்டைகள் என்று கட்டுக்கட்டாக வந்து இறங்கும். அவற்றைச் சேர்த்து அடித்து, உள்ளே ஈயத்தாள் ஒட்டி, பெட்டியாக்குவது அவன் வேலை. அடித்து முடித்ததும் பெட்டியை வெளிச்சத்துக்குத் தூக்கி, தலையை உள்ளே விட்டுப் பார்ப்பான். ஒரு ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் பெட்டி தள்ளுபடி. காற்றுப் புகுந்தால் தேயிலை கெட்டுவிடும்.

அந்த ஆடியில் ஸ்டோருக்குப் புது இயந்திரம் ஒன்று வந்தது. அது வந்த மரக்கூடுகள் ஒவ்வொன்றும் மாட்டுக்கொட்டகை அளவு. இயந்திரத்தை எடுத்த பிறகு பலகைகளைப் பின்னால் சாத்தி வைத்திருந்தார்கள். மாயாண்டி வேலை முடிந்தும் வீட்டுக்கு வராமல் இருக்க ஆரம்பித்தான். கொழுந்து நிறுக்கப் போனபோது சண்முகவடிவு எட்டிப் பார்த்தாள். வெளியே பேய்மழை. உள்ளே கொழுந்து வாட்டும் வெக்கையில் தரை சுடச்சுடக் காய்ந்து கிடந்தது. நடுவில் ஒரு சுவர் படுத்திருந்தது. பலகையால் ஆன, சட்டம் போட்ட, முழு ஆள் உயரச் சுவர்.

ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் பேரின்பநாயகம் அதைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"என்ன மாயாண்டி, உந்தப் பெட்டி கொஞ்சம் பெரிசாக் கிடக்கு. எத்தினை றாத்தல் அடைக்கப் போறாய்?"

"தேயிலை இல்லீங்க ஐயா. பொண்டாட்டிய அடைக்கப் போறேன்."

"கவனம். அவவும் கப்பலேறிப் போயிடுவா."

சிரித்துக்கொண்டே துரையிடம் பேசி, அந்தப் பலகைகளை அவனுக்கே வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்.

அன்று சாயந்தரம் வேலாயி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏண்டா, சொன்னாக் கேக்க மாட்டியா? வீடு கட்டுறியாமே?"

"நான் எங்கக்கா வீடு கட்டுறேன்? மேல போயிப் பாரு, ஒரு குச்சி நட்டிருக்கேனா? ஸ்டோர்ல ஒக்காந்து பெட்டி அடிக்கிறேன். பெட்டி அடிக்கிறதுதானே நம்ம வேல?"

"பெட்டியா அது?"

"பெட்டிதான். ஆறு பக்கம்."

"வாசப்படி வச்ச பெட்டிய எந்த ஊருலடா பாத்த?"

"மூடியப் பக்கவாட்டுல வச்சிருக்கேன்."

வேலாயி யோசித்தாள். நிலத்தில் மண் வெட்டவில்லை; நிலை நிற்கவில்லை. குற்றம் சொல்ல இடமில்லை. "என்னமோ போ," என்று உள்ளே போய்விட்டாள். திரைக்கு இந்தப் பக்கம் சண்முகவடிவு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த மழையில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மழை மலையைக் கரைத்துக்கொண்டிருந்தது. வீடு ஸ்டோருக்குள் நனையாமல் வளர்ந்துகொண்டிருந்தது. பிள்ளை அவளுக்குள் வளர்ந்தது. பொன்னையாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"பலகை வீடா? ஒரு காத்தடிச்சாக் கொத்மலையில போயித் தேடணும்."

"ஒங்க சுவரு காத்துக்கு முந்தியே போயிருச்சேண்ணே," என்றான் மாயாண்டி.

"அது மழ செஞ்ச வேல. கல்லு என்ன செய்யும்?" என்று முனகினாலும், பிள்ளை பிறந்து தீட்டுக் கழிந்த அன்று காலையிலேயே அவர் கடப்பாரையோடு வந்துவிட்டார். விழுந்த தன் கற்களையே புரட்டி, வீடு உட்காரக் கால் கால்களாய் நிறுத்தினார்.

பெண் பிள்ளை. அழகம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

கல் நின்றதும் வீடு மலையேறியது. ஒரு சுவருக்கு நாலு பேர். நடுவழியில் காற்று பிடித்துக்கொண்டது. மூக்கன் பிடித்திருந்த சுவர் பாய்மரம் போல விரிந்து அவனையும் இழுத்துக்கொண்டு தேயிலைக்குள் ஓடியது. "மாமா, வீடு அந்தப் பக்கம் இல்ல!" என்று லயத்துப் பிள்ளைகள் கத்தின. மூக்கன் தேயிலைக்குள் கிடந்தபடியே, "எனக்கென்ன தெரியும், அது கூட்டிக்கிட்டுப் போகுது!" என்றான்.

சுவர்கள் ஒவ்வொன்றிலும், தேயிலைப் பெட்டிக்குப் போடுவது போலவே மாயாண்டி கறுப்பு மையில் எண் போட்டிருந்தான். ஒன்றுக்குப் பக்கத்தில் இரண்டு. இரண்டுக்குப் பக்கத்தில் மூன்று. துளைக்கு நேரே துளை வந்தது. போல்ட் போட்டு முடுக்கினார்கள். மத்தியானச் சோற்றுக்கு முன்னால் தகரக் கூரையும் ஏறிவிட்டது. காலையில் வெறும் கல்லாக இருந்த இடத்தில் வீடு நின்றது. சண்முகவடிவு சுவரைத் தொட்டாள். காய்ந்திருந்தது. கன்னத்தை வைத்துப் பார்த்தாள். மரவாசனையும் லேசாகத் தேயிலை வாசனையும் வந்தன.

மாயாண்டி எல்லாரையும் வெளியே நிறுத்தி, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றான். கொஞ்ச நேரம் கழித்து முகமெல்லாம் பெருமையாக வெளியே வந்தான்.

"ஒரு ஊசிமுன வெளிச்சம் இல்ல!"

வேலாயி அடுப்பை மூட்டிப் பால் பானையை வைத்தாள். விறகு ஈரம். புகை எழும்பிக் கூரைக்குப் போனது. அங்கே வழியில்லை. சுவரில் இறங்கியது. அங்கேயும் தேயிலைப் பெட்டியைப் போலவே ஈயத்தாள் ஒட்டியிருந்தது. சாரலுக்காகக் கதவையும் சாத்தியிருந்தார்கள். பால் பொங்குமுன் வீடு முழுக்கப் புகை நின்றது. அழகம்மா வீறிட்டாள். பிறகு இருமினாள். வேலாயியின் கடைக்குட்டி இருமிய அதே இருமல். சண்முகவடிவு பிள்ளையைச் சேலைக்குள் மூடிக்கொண்டு சாரலுக்குள் ஓடிவந்தாள். பின்னாலேயே எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

ஜன்னல் வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. லயத்துக் காம்பராவில் ஏது ஜன்னல்? அங்கே ஓட்டுச் சந்திலும் சுவர் வெடிப்பிலும் புகை தானாகப் போய்விடும். இங்கே மாயாண்டி ஒரு சந்தும் வைக்கவில்லை. அவன் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அடைச்சே பழகிப்போன கை வடிவு," என்றான்.

"வாடி, புள்ளயத் தூக்கிக்கிட்டு நம்ம காம்பராவுக்கே போவோம்," என்றாள் வேலாயி.

சண்முகவடிவு அசையவில்லை. போனால் திரும்பி வர எத்தனை மழை ஆகும் என்று அவளுக்குத் தெரியும். வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். மூன்று என்று எண் போட்டிருந்த சுவருக்கு முன் நின்றாள். அந்தச் சுவர் பார்த்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். பள்ளத்தாக்குக்கு அப்பால், ஊசிமலை உச்சி மேகத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இந்த ஒண்ண மட்டும் கழட்ட முடியுமா?"

மாயாண்டி நிமிர்ந்தான்.

"கழட்டி ஸ்டோருக்குக் கொண்டு போங்க. நடுவுல ஒரு ஓட்ட போட்டுக் கொண்டாங்க. மலை தெரியிற மாதிரி."

நாலு போல்ட். சுவர் கையோடு வந்துவிட்டது. வீடு சாயவில்லை, ஒரு பக்கம் திறந்தபடி அப்படியே நின்றது. பொன்னையா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"என் சுவருல இத்தன பெரிய ஓட்ட போடணும்னா, பாதிச் சுவர இடிச்சுத் திரும்பக் கட்டணும். இது என்னடான்னா சட்டையக் கழட்டிப் பொத்தான் தைக்கப் போற மாதிரி போகுது."

அவர் அதைச் சொன்ன விதத்தில் வருத்தம் இருந்ததா, வியப்பு இருந்ததா என்று சண்முகவடிவுக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் சுவரின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு இறங்கிப் போனவர்களில் அவரும் ஒருவர்.

இருட்டுமுன் சுவர் ஜன்னலோடு திரும்பி வந்தது. அன்று பால் பொங்கிய அடுப்பின் புகை ஜன்னல் வழியே போய் மேகத்தோடு சேர்ந்தது. அழகம்மா காய்ந்த பலகைச் சுவரோரம் தூங்கினாள். தன் வாழ்க்கையில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அதற்கு முன் யாரும் சண்முகவடிவைக் கேட்டதில்லை. அன்று அவளே சொன்னாள். சொன்ன பக்கம் மலை இருந்தது.

"வடிவு, பிடி," என்ற மாயாண்டியின் குரல் அவளை லாரி நின்ற வாசலுக்குத் திருப்பிக் கொண்டுவந்தது. கூரை இறங்கியிருந்தது. அவள் சொன்னபடி மூன்றாம் எண் சுவரை அடுத்து எடுத்தான். வீடு எழுந்து நின்ற இடத்தில் பொன்னையாவின் கற்கள் மட்டும் மிஞ்சின. அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். லயத்திலிருந்து வேலாயி ஏறிவந்து, ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"ராகலையில அழகம்மா வயசுக்கு வந்தாத் தகவல் சொல்லி விடு," என்றாள். லாரி கிளம்பும்போது அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தது கண்ணாடியில் தெரிந்தது.

ராகலையில் மறுநாளே வீடு எழுந்துவிட்டது. ஒன்றுக்குப் பக்கத்தில் இரண்டு. இரண்டுக்குப் பக்கத்தில் மூன்று. அதே கதவு, அதே மரவாசனை, அடுப்புக்கு மேலே அதே கரிப்படலம். சண்முகவடிவு பழக்கத்தில் ஜன்னலுக்குப் போனாள். வெளியே யாருடைய கோவாப் பாத்தியோ, முட்டைக்கோஸ் உருண்டைகளோடு வரிசை வரிசையாய்ப் போய்க்கொண்டிருந்தது. அதற்கப்பால் ஒரு மண்மேடு.

அழகம்மா அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, மலையக் காணோமே?"

"ஒங்கப்பாவுக்கு அதக் கழட்டத் தெரியலடி," என்றாள் சண்முகவடிவு. உள்ளே மாயாண்டி சிரிக்கும் சத்தம் கேட்டது. அவள் ஜன்னலை அகலமாகத் திறந்து வைத்துவிட்டு, பால் பானையை எடுத்துக் கழுவப் போனாள்.