கொதிக்க வைத்துக் குடிக்கவும்

தம்புசாமியின் முன்பல் விழுந்தபோது ஜீவன் முதல் மாடிப் படியில் இருந்தான். பல் தரையில் இரண்டு முறை குதித்து ஒரு மோட்டார் சைக்கிளுக்கு அடியில் போய் நின்றது. சனிக்கிழமை காலை பத்தரை மணி. கிள்ளான் மெலூர் அடுக்குமாடியின் வண்டி நிறுத்துமிடத்தில் அந்த நேரத்தில் வழக்கமாக நடப்பது இரண்டே விஷயங்கள்: ரொட்டிக்காரர் வருவார், ரொட்டிக்காரர் போவார்.

பல்லைக் கழற்றியவன் சுகுமாறன். ஜீவனின் அக்கா தாமரையின் கணவன். போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவன். இடது கையில் லோரிச் சக்கரம் கழற்றும் ஸ்பானர் இருந்தது. அதை அவன் இன்னும் பயன்படுத்தவில்லை. தம்புசாமிக்கு அறுபத்தெட்டு வயது, குடியிருப்போர் சங்கத் தலைவர் வேறு. அந்த மரியாதைக்கு இதுவரை வெறுங்கைதான்.

“ரெண்டு வாட்டி கொதிக்க வைக்கச் சொன்னியாய்யா? பச்சப் புள்ளைக்கு ரெண்டு வாட்டி கொதிக்க வைக்கச் சொன்னியா?”

“சொன்னேன்!” என்றார் தம்புசாமி, வாயில் ரத்தத்தோடு. “என் நோட்டீஸ்! ஒரு எழுத்து மாத்த மாட்டேன்!”

இன்னோர் அறை விழுந்தது. தலைவர் ஒரு மைவி காரின் கதவில் சாய்ந்தார். அது அவருடைய மைவிதான்.

ஜீவன் மீதிப் படிகளில் இறங்காமல் நின்றுவிட்டான். ஏனென்றால் அந்த நோட்டீசை எழுதியது அவன்.

ஆறு நாளுக்கு முன் பெய்த மழையில், ஆற்றுக்கு மேலே எங்கோ ஓர் உரக் கிடங்கு சரிந்து தண்ணீரில் கலந்தது. குழாயில் நைட்ரேட் வந்தது. நிறம் இல்லை, வாடை இல்லை, ருசியும் மாறவில்லை. மெலூர் குழாயில் அவ்வளவு தெளிவான தண்ணீரை யாரும் பார்த்ததே இல்லை. குடிநீர் நிறுவனத்தின் அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இரண்டு பக்கம் வந்தது. அதைத் தமிழாக்கி லிஃப்டில் ஒட்டுவதும், வாட்சப் குழுவில் போடுவதும் சங்கத்தின் வேலை. கையெழுத்து தம்புசாமியுடையது, தமிழ் ஜீவனுடையது. இது இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும். நாலு வருடமாகத் தலைவர் ‘உங்க தமிழ் உங்க தமிழ்’ என்று மற்றவர்கள் புகழக் கேட்டுக் கேட்டு, அது தன்னுடைய தமிழ்தான் என்று மனதார நம்பிவிட்டார்.

பிரிக்பீல்ட்ஸில் கல்லூரி. கொமுட்டர் ரயிலில் நின்றுகொண்டே ஜீவன் போனில் தட்டினான். முதல் பக்கம் சுத்தமாக வந்தது. இரண்டாம் பக்கம் திறக்கவில்லை. ஷா ஆலம் தாண்டியும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது? இந்த நாட்டில் தண்ணீரைப் பற்றிய எந்த அறிவிப்பும் ஒரே மாதிரிதான் முடியும். போன வருடம் குழாயில் சேற்றுத் தண்ணீர் வந்தபோது எழுதியதிலிருந்து கடைசி வரியை எடுத்து ஒட்டினான்: ‘நன்கு கொதிக்க வைத்துக் குடிக்கவும்.’ படித்துப் பார்த்தான். கொஞ்சம் மொட்டையாக இருந்தது. சொந்தமாக ஒன்று சேர்த்தான்: ‘குழந்தைகளுக்கு இருமுறை.’

இன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா அழுதபடி போன் செய்த பிறகுதான் இரண்டாம் பக்கத்தைத் திறந்தான். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட, மிஞ்சுவதில் நஞ்சு கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்தத் தண்ணீரில் பால் மாவு கலக்கவே கூடாது.

தாமரை ஒழுங்கானவள். தம்பி சங்கத்தில் இருப்பதால் நோட்டீசை இன்னும் ஒழுங்காகக் கடைப்பிடித்தாள். இரண்டு முறை என்றால் இரண்டு முறை, நுரை தள்ளும்வரை. நாற்பத்தொரு நாள் குழந்தையின் உதடு முதலில் ஊதா, பிறகு சாம்பல். டாக்டர் ஊசியில் இழுத்த ரத்தம் சோயா கிச்சாப் போலக் கறுப்பாக இருந்ததாம். ஒரு நீல மருந்தை ஏற்றி உயிரை இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். இன்னொரு புட்டி குடித்திருந்தால் முடிந்திருக்கும் என்றார்களாம்.

இந்தக் கட்டடத்தில் இன்னும் புட்டி குடிப்பவர்கள் மூன்று பேர். நான்காம் மாடியில் லெட்சுமி ஆன்டியின் பேரன், ஆறாம் மாடியில் பரீதாவின் இரட்டைக் குழந்தைகள்.

அரை மணி நேரத்துக்கு முன்பே ஜீவன் குழுவில் போட்டான்: ‘தயவுசெய்து கொதிக்க வைக்காதீர்கள்.’ யார் எழுதியது, ஏன் மாறியது என்று எதுவும் சொல்லவில்லை. இரண்டாம் மாடி இராஜம்மா உடனே பதில் போட்டார்: ‘அப்ப பச்சத் தண்ணி குடிக்கணுமா? லூசா?’ பதினேழு பேர் கட்டை விரலைத் தூக்கியிருந்தார்கள்.

லிஃப்ட் வேலை செய்யாததால் படியேறினான். லெட்சுமி ஆன்டி கரண்டியோடு வந்து அவன் சொன்னதைக் கேட்டார்.

“தம்பி, தலைவரு நோட்டீஸ்ல தெளிவா போட்டிருக்காரே. எவ்ளோ அழகா எழுதிருக்காரு! நீ என்னமோ புதுசா சொல்றே லா.”

தன் தமிழே தன்னைத் தோற்கடிப்பதை அவன் அன்றுதான் பார்த்தான். ஆறாம் மாடியில் பரீதா வீட்டு இரும்பு கிரில் பூட்டியிருந்தது. உள்ளே டிவி அலறியது. தட்டினான், கத்தினான், யாரும் வரவில்லை. அடுக்களை ஜன்னலிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் கீழே சத்தம் கேட்டது. தலைவரே மறுத்துச் சொன்னால் நம்புவார்கள் என்று ஓடி வந்தான். தலைவர் பேசும் நிலையில் இல்லை.

சுகுமாறன் ஸ்பானரை வலது கைக்கு மாற்றினான்.

சும்மா நின்றால் தப்பிக்கலாம். தம்புசாமி கடைசிவரை காட்டிக்கொடுக்க மாட்டார். செத்தாலும் எழுத்தாளராகவே சாவார்.

“மச்சான்,” என்றான் ஜீவன். மீதிப் படிகளில் இறங்கி அவர்களிடம் போனான். “அது நான் எழுதுனது.”

சுகுமாறன் திரும்பவில்லை. பதில் தலைவரிடமிருந்து வந்தது.

“பொய் சொல்றான்! இவனுக்கு என்னா தமிழ் தெரியும்!”

“அங்கிள், வாய மூடுங்க. மச்சான், இத பாருங்க.”

போனை நீட்டினான். திங்கட்கிழமை காலை ஏழு நாற்பது. நோட்டீஸ் முழுவதும், கீழே அவன் செய்தி: ‘அங்கிள், உங்க பேரு போட்டாச்சு. கடைசி வரி என் ஐடியா.’ அதற்குத் தலைவர் அனுப்பிய மூன்று கைதட்டல்கள்.

சுகுமாறன் இரண்டு தரம் படித்தான். ஸ்பானரை மைவியின் கூரைமேல் மெதுவாக, கீறல் விழாமல் வைத்தான். பெண்டாட்டியின் தம்பி, குழந்தைக்குத் தாய்மாமன், காது குத்தும்போது மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவன். அவனை இரும்பால் அடிப்பது முறையில்லை.

முதல் குத்து மூக்கில் விழுந்தது. பென்சில் ஒடிகிற சத்தம். இரண்டாவது வயிற்றில். காலையில் தின்ற ரொட்டி சானாய் சட்டைமேல் வந்தது. மூன்றாவதுக்கு ஜீவன் தரையில் இருந்தான். சுகுமாறன் அவன் காலரைப் பிடித்துத் தூக்கி, ஒவ்வோர் அடிக்கும் ஒரு சொல்லாகச் சொன்னான்.

“கொதிக்க! வெச்சா! வெஷம்! கூடுதாம்டா! என்! புள்ள! ரத்தம்! கருத்துப்! போச்சுடா!”

மாடிகளில் கதவுகள் திறந்தன. இரண்டாம் மாடியில் இராஜம்மா வந்து கம்பியைப் பிடித்தார். மூன்றாம் மாடி முழுவதும் வந்தது.

“எதுக்கு ஆன்டி அடிக்கிறாங்க?”

“தண்ணி கொதிக்க வைக்கச் சொன்னானாம். கொதிக்க வெச்சா வெஷமாம்.”

“ஐயோ, என் அடுப்புல இருக்கு!”

நான்காம் மாடியில் லெட்சுமி ஆன்டி கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடுவது தெரிந்தது. இடது கண் வீங்கி மூடிக்கொண்டிருந்ததால் ஜீவன் வலது கண்ணால் மாடிகளை எண்ணினான். சங்கம் பதினோரு வருடத்தில் இவ்வளவு பேரைச் சென்றடைந்த அறிவிப்பை வெளியிட்டதில்லை. ஐந்தாம் மாடியும் வந்துவிட்டது. ஆறாம் மாடியில் இன்னும் யாரும் இல்லை. ஜன்னலில் ஆவி மட்டும்.

சுகுமாறனுக்கு மூச்சு வாங்கியது. கை தளர்ந்தது. அழத் தொடங்கியிருந்தான்.

“மச்சான்,” என்றான் ஜீவன், உதடு கிழிந்த வாயால். “நிறுத்தாதீங்க. சத்தமா. பரீதாக்காவுக்கு ரெட்டப் புள்ளைங்க. ஆறாவது மாடிக்குக் கேக்கல.”

சுகுமாறன் மேலே பார்த்தான். ஆவியைப் பார்த்தான். ஒரு கணம் புரியாமல் நின்று, பிறகு புரிந்துகொண்டான். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, துறைமுக வாசலுக்கு அப்பால் நிற்கும் காவலரை லோரியிலிருந்து கூப்பிடும் குரலில் கத்தினான்.

“கொதிக்க வெச்ச தண்ணிய புள்ளைக்குக் குடுக்காதீங்க!”

கூடவே ஓங்கிக் குத்தினான். விலா எலும்பில் ஏதோ விட்டுப்போனது. ஜீவன் வஞ்சனையில்லாமல் அலறினான். அந்த அலறல்தான் டிவியைத் தாண்டிப் போனது.

பரீதா ஈரத் தலையில் துண்டோடு வந்து எட்டிப் பார்த்தாள். “என்னாண்ணே? என்னா தண்ணி?”

இரண்டாம் மாடியிலிருந்து ஐந்தாம் மாடிவரை எல்லோரும் ஒன்றாகப் பதில் சொன்னார்கள். அவள் முகம் வெளுத்து உள்ளே போனாள். மறு நொடி பாத்திரத்தோடு திரும்பி வந்து, கீழே யார் இருக்கிறார்கள் என்று பாராமல் அப்படியே கவிழ்த்தாள்.

பாதி தலைவரின் மைவிமேல் விழுந்தது. மீதி ஜீவனின் முதுகில். அவன் எழுதியிருந்தபடியே, நன்கு கொதித்திருந்தது.