தாளுக்கு வெளியே கிடந்தது

பிரகதீஸ்வரி போடும் சுருளை அறந்தாங்கியில் பாதிப் பேர் பார்த்திருப்பார்கள். அவளைத்தான் யாருக்கும் தெரியாது. காதுகுத்துப் பத்திரிகையின் ஓரத்தில், கல்யாண ஃப்ளெக்ஸின் நாலு மூலையில், கிடாவெட்டு அழைப்பிதழில் குலசாமி படத்தைச் சுற்றி, எங்கே பார்த்தாலும் அவளுடைய சுருள்தான் வளைந்து நெளிந்து கிடக்கும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உடையப்பனின் அச்சுக்கடையில், ஒன்பது வருஷமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அவள் இழுத்தவை அவை.

சுருள் என்ன பெரிய வித்தையா என்று கேட்பவர்கள் ஒருமுறை இழுத்துப் பார்க்கட்டும். கோரல் என்கிற வரைகலை மென்பொருளில் ஆங்கில ஏ எழுத்தைத் தட்டினால் சுருள் கருவி வரும். எத்தனை சுற்று என்று எண்ணைக் கொடுத்து மவுசை இழுத்தால் கொசுவர்த்தி மாதிரி ஒன்று வந்து நிற்கும். அதை அப்படியே வைத்தால் கொசுவர்த்தி விளம்பரத்துக்குத்தான் ஆகும். உள்ளே நெருக்கமாகவும் வெளியே வரவர அகலமாகவும் விரியச் சொல்லி, கோட்டை முனையில் மெல்லியதாகவும் நடுவில் தடித்ததாகவும் ஆக்கி, வால் முடிகிற இடத்தில் ஓர் இலையோ துளியோ வைத்து, பக்கத்தில் அதன் குட்டி ஒன்றை முளைக்கவிட்டு, எல்லாவற்றையும் ஒட்டி ஒன்றாக்க வேண்டும். பிறகு ஒரு மூலைக்குச் செய்ததைத் திருப்பித் திருப்பி மற்ற மூன்று மூலைக்கும் வைக்கலாம். நல்ல காரியத்துக்குச் சுருள் வெளியே பார்த்து விரிய வேண்டும், கெட்ட காரியத்துக்கு உள்ளே பார்த்துச் சுருள வேண்டும் என்பது உடையப்பன் கடைச் சட்டம். யார் போட்ட சட்டம் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

இனியா கடைக்கு வந்தது போன வாரம் திங்கட்கிழமை. உடையப்பன் வெளியே போயிருந்தார். கூடவே பெலிக்ஸ் என்று ஒல்லியாக ஒருவன், உள்ளே வராமல் வாசலிலேயே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பத்தே பத்துக் கார்டு வேணும்க்கா. போட்டுத் தருவீங்களா?”

நூறுக்குக் குறைந்து எந்தக் கடையிலும் போட மாட்டார்கள். பிரகதீஸ்வரி அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். அந்தப் பெண் துப்பட்டாவைக் கழுத்தோடு இழுத்துப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். துப்பட்டாவுக்குள் புது மஞ்சள் கயிறு தெரிந்தது. பக்கத்து முக்காலியில் உட்காரவைத்ததும் இனியா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வீட்டை விட்டு வந்து இருபது நாள் ஆகிறது. ரிஜிஸ்டர் கல்யாணம் முடிந்துவிட்டது. சாதியும் வேறு, சாமியும் வேறு. கட்டுமாவடியில் பெலிக்ஸுடைய அத்தை சந்தனமேரி வீட்டில் இருக்கிறார்கள். வருகிற பதினாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அங்கேயே பத்து நண்பர்களுக்கு மட்டும் சாப்பாடு.

“வீட்டுல தேடுறாங்களா?”

“அப்பா அழுவாரு, அவ்வளவுதான். சித்தப்பாதான் தேடுறாரு. அவரு அழ மாட்டாருக்கா.”

பிரகதீஸ்வரி இனியாவுக்கென்று ஒரு சுருள் புதிதாக இழுத்தாள். ஏழு சுற்று, வால்நுனியில் சின்ன வேப்பிலை. இனியா திரையில் விரலை வைத்து ஒன்று, இரண்டு என்று சுற்றை எண்ணிப் பார்த்துச் சிரித்தாள்.

“இது எனக்கு மட்டும்தானே? வேற யாருக்கும் போட்டுராதீங்கக்கா.”

“ஒனக்கு மட்டும்தான். போதுமா?”

“அட்ரஸ் போடணுமா?”

“வர்றவங்களுக்குத் தெரிய வேணாமா?”

இனியா கொஞ்சம் யோசித்தாள். “பத்துப் பேருக்குத்தானே. போட்டுருங்க.”

கார்டுகளை வாங்கிக்கொண்டு போகும்போது தன் நம்பரை ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்துவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை நீங்களும் வரணும் என்றாள். பிரகதீஸ்வரிக்கு யாரும் பத்திரிகை வைத்துக் கூப்பிடுவதில்லை. ஊருக்கெல்லாம் பத்திரிகை அடிக்கிறவளுக்கு அது பெரிய விஷயமாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு உடையப்பன் பரபரப்பாக வந்தார்.

“பிரகதி, ஒரு கண்ணீர் அஞ்சலி. பத்தடிக்கு எட்டடி ஃப்ளெக்ஸ். பார்ட்டி பார்டரைப் பார்த்துட்டுத்தான் போட்டோ அனுப்புவாராம். எவனும் போடாத டிசைனா வேணும்ங்கிறாரு. அரை மணி நேரத்துல அனுப்பிவிடு.”

அரை மணியில் எவனும் போடாத டிசைனுக்கு அவள் எங்கே போவாள்? கை தானாக இனியாவின் ஃபைலைத் திறந்தது. ஒரு நிமிஷம் யோசித்தாள். யாருக்குத் தெரியப்போகிறது, திருப்பிப் போட்டால் வேறு சுருள் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். பழைய கம்ப்யூட்டர்; இரண்டு ஃபைலைச் சேர்த்துத் திறந்தால் நின்றுபோகும். அதனால் முடிந்த வேலையைத் திரையில் தெரியும் தாளுக்கு வெளியே இழுத்துப் போட்டுவிட்டு அதே ஃபைலில் அடுத்ததைத் தொடங்குவது அந்தக் கடையில் எல்லோருடைய பழக்கம். வெளியே கிடப்பது அச்சில் வராது. அப்படியே இனியாவின் கார்டையும் ஓரமாகத் தள்ளினாள். சுருளை மட்டும் எடுத்துப் பெரிதாக்கி, உள்ளே பார்த்துச் சுருளும்படி திருப்பி, கறுப்பு அடித்து, நாலு மூலைக்கும் வைத்தாள். நிஜமாகவே நன்றாக இருந்தது. அதுதான் கொடுமை.

தாள் மட்டும் திரையில் தெரிய ஷிப்டோடு சேர்த்து எஃப் நாலைத் தட்ட வேண்டும். வெறும் எஃப் நாலைத் தட்டினால் உள்ளது, வெளியே கிடப்பது எல்லாம் சேர்ந்து தெரியும். அவசரத்தில் விரல் ஷிப்டைத் தவறவிட்டது. கடைப் போனில் திரையைப் படம் பிடித்தாள், உடையப்பன் கொடுத்த நம்பருக்கு அனுப்பினாள், டீ குடிக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது பதில் வந்திருந்தது. ‘நல்லாருக்கு’ என்று ஒரு வார்த்தை. அதன் கீழே போட்டோ. பச்சைப் பட்டுப்பாவாடை தாவணியில், ஏதோ ஒரு வீட்டு விசேஷத்தில் சிரித்துக்கொண்டு நின்றவள் இனியா.

போட்டோவுக்கு அடியில் எழுதியிருந்தது: ‘பெயர் இனியா. பிறந்த தேதி போடவும். இறந்த தேதி வேண்டாம். எங்களைப் பொறுத்தவரை செத்துவிட்டாள். இப்படிக்கு சித்தப்பா சேவுகன் மற்றும் குடும்பத்தார்.’

பிரகதீஸ்வரி போனை உடையப்பன் பக்கம் திருப்பினாள். “அண்ணே, இந்தப் புள்ள உசுரோட இருக்குண்ணே.”

உடையப்பன் எட்டிப் பார்த்தார். “ஓடிப்போன கேஸா? போடுறதுதான். ஆத்திரம் தீர ஒரு போர்டு வச்சா அதோட அடங்கிருவாங்க. இந்த வருசத்துல நமக்கே இது மூணாவது. நீ வேலையப் பாரு.”

அவர் சொன்னதை நம்பத்தான் அவளுக்கும் ஆசை. போர்டோடு போய்விட்டால் நல்லதுதானே? அப்படி நினைத்துக்கொண்டே, தான் அனுப்பிய படத்தை எதற்கோ ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்தாள். நாலு கறுப்புச் சுருள். நடுவில் வெள்ளை. வலது ஓரத்தில், தாளுக்கு வெளியே, ரோஸ் நிறத்தில் ஒரு கட்டை விரல் அகலத்துக்கு இனியாவின் கார்டு. இன்னும் பெரிதாக்கினாள். ஒவ்வோர் எழுத்தும் பளிச்சென்று தெரிந்தது. பதினாறாம் தேதி. மத்தியானம் பன்னிரண்டு மணி. சந்தனமேரி இல்லம், கட்டுமாவடி.

அனுப்பிய படத்தைத் தன் பக்கமும் அவர் பக்கமும் சேர்த்து அழித்தாள். அழித்த கையோடு ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. பின்னால் பம்புசெட் ஓடும் சத்தம். அதட்டல் இல்லாத, பதவிசான குரல்.

“தங்கச்சி, எதுக்கு அழிச்சீங்க? நான் அப்பவே சேவ் பண்ணிட்டேன். ஒரு சின்னத் திருத்தம். எறந்த தேதி வேணாம்னு சொன்னேன்ல, அதைப் போட்டுருங்க. பதினாறு. ஞாயித்துக்கெழம.”

அவள் அதை உடையப்பனுக்குப் போட்டுக் காட்டினாள். அவர் முகம் வெளுத்துத்தான் போனது. ஆனால் கடைக்காரர்.

“போலீசுல சொல்வோமாண்ணே?”

“என்னன்னு சொல்லுவ? ஒருத்தர் ஒரு தேதி சொன்னாருன்னா?”

துண்டுத்தாளைத் தேடி எடுத்து இனியாவின் நம்பருக்கு அடித்தாள். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடியும் அடித்தாள், மறுபடியும் அதே. வேறு வழி தெரியவில்லை. அந்த ஃபைலை அழித்தாள், கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தாள், குரல் பதிவைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டாள், தலைவலி என்று சொல்லிவிட்டுக் கட்டுமாவடி பஸ்ஸில் ஏறினாள். வழி நெடுகப் பின்னால் வருகிற மோட்டார் சைக்கிளை எல்லாம் எண்ணிக்கொண்டே போனாள்.

சந்தனமேரியின் வீடு மீன் ஏலம் விடும் கொட்டகையைத் தாண்டி இருந்தது. இனியா வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். பிரகதீஸ்வரியைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

“ஞாயித்துக்கெழமைதானேக்கா. இன்னிக்கே வந்துட்டீங்க?”

பிரகதீஸ்வரி மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. குரல் பதிவையும் போட்டுக் காட்டினாள். சித்தப்பாவின் குரலைக் கேட்டதும் இனியாவின் கையிலிருந்த இறால் கிண்ணத்தில் விழுந்தது. சந்தனமேரி வாசல் கதவைச் சாத்தினாள். பெலிக்ஸ் உள்ளே போய்த் துணிகளைப் பையில் திணிக்கத் தொடங்கினான்.

இனியா எழுந்து கையைக் கழுவினாள். கோபப்பட்டிருந்தால் தேவலை.

“எனக்கு மட்டும்னு சொன்னீங்களேக்கா.”

பிரகதீஸ்வரிக்கு அழுகை வந்தது. ஆத்திர அவசரம், பழைய கம்ப்யூட்டர், ஷிப்ட் விசை என்று அவளிடம் இருந்த காரணங்களில் ஒன்றைக்கூட அந்த முகத்துக்கு முன்னால் சொல்ல முடியாது.

“நாங்க இப்பவே கெளம்புறோம். அத்தையோட தம்பி ஒருத்தரு...” என்று பெலிக்ஸ் தொடங்கினான்.

“எங்கன்னு என்கிட்ட சொல்லாதீங்க,” என்றாள் பிரகதீஸ்வரி. “யாருகிட்டயும் சொல்லாதீங்க. கார்டு குடுத்தவங்ககிட்டயும் வேணாம்.”

திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் அவள் நின்றுகொண்டே வந்தாள்.

மறுநாள் ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று உடையப்பனிடம் சொன்னாள். அவர் திட்டுவதுபோலத் திட்டிவிட்டு விட்டார். அவருக்கும் உள்ளுக்குள் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். சேவுகனிடமிருந்து வெள்ளிக்கிழமை ஒன்றும் வரவில்லை, சனிக்கிழமையும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணி ஆனபோது அவள் தன் வீட்டுச் சமையலறையில் நின்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா சோறு போட்டுக் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. அன்று முழுக்கப் போனில் செய்திகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கட்டுமாவடி என்று எதுவும் இல்லை. தப்பித்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை கடை திறந்த கையோடு ஒருவர் வந்தார். ஐம்பது வயசிருக்கும். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. உடையப்பனுக்கு வணக்கம் வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே இனியா உட்கார்ந்த அதே முக்காலியை இழுத்துப்போட்டு பிரகதீஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நாந்தான் சேவுகன். நல்லாருக்கீங்களா தங்கச்சி?”

அவள் தலையை ஆட்டினாள்.

“நேத்து கட்டுமாவடி வரைக்கும் போயிருந்தேன். வீடு பூட்டிக் கெடந்துச்சு. ஒரு மேசை மட்டும் வெளிய கெடந்துச்சு. நமக்கு முன்னாடியே யாரோ போய்ச் சொல்லிட்டாங்க போல. வியாழக்கெழம மத்தியானமே சொல்லிட்டாங்கன்னு பக்கத்து வீட்டுல பேசிக்கிட்டாங்க.” கொஞ்சமும் குரலை உயர்த்தவில்லை. “சரி, அது போகட்டும். நம்ம ஃப்ளெக்ஸ் எங்க?”

“ஃபைல் அழிஞ்சுபோச்சுங்க.”

“அப்படியா?” சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, சேவ் பண்ணி வைத்திருந்த படத்தைத் திறந்து, மேசையில் அவள் கண்ணெதிரே சாய்த்து வைத்தார். நாலு கறுப்புச் சுருள், ஓரத்தில் ரோஸ் கார்டு. “பரவால்ல. இதைப் பாத்து இன்னொரு தடவ வரைஞ்சிருங்க. நான் இங்கிட்டே உக்காந்திருக்கேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

பிரகதீஸ்வரி உடையப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பிரிண்டர் மூடியைத் திறந்து எதையோ மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வேறு சுருள் போடலாமா என்று நினைத்தாள். ஆறு சுற்றில் நிறுத்தலாமா? பக்கத்திலிருந்து வந்த திருநீற்று வாசம் யோசிக்க விடவில்லை. புது ஃபைலைத் திறந்தாள். ஏ எழுத்தைத் தட்டினாள். ஏழு என்று எண்ணைக் கொடுத்தாள். மவுசை இழுக்க இழுக்கக் கோடு உள்ளே பார்த்துச் சுருண்டது. அவர் திரையில் விரலை வைத்து, ஒன்று, இரண்டு என்று பொறுமையாக எண்ணினார்.

“ஏழு. சரியாருக்கு. எலை விட்டுப்போச்சு பாருங்க.”

அவள் இலையை வைத்தாள். நாலு மூலைக்கும் திருப்பிப் போட்டாள். போட்டோ வந்து நடுவில் உட்கார்ந்தது. பெயரை அடித்தாள். பிறந்த தேதியை அடித்தாள். பிறகு எஃப் நாலைத் தட்டினாள். இந்தத் தடவை தாளுக்கு வெளியே எதுவும் இல்லை.

சேவுகன் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

“இப்ப பிரிண்ட் போட வேணாம். எறந்த தேதி எடத்தை மட்டும் வெறுமனே விட்டு வைங்க. இந்த ஃபைலும் அழிஞ்சுபோயிராம பாத்துக்கங்க தங்கச்சி. தேதி கெடச்சதும் நானே வந்து சொல்றேன்.”