மாதாமாதம்

வரி நோட்டீஸோடு ஆடிட்டர் அனந்தபத்மநாபன் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

"ஜீவனாம்சத்த மொத்தமா வாங்கியிருந்தா வரியே கிடையாது, ஹில்டா டீச்சர். மாசாமாசம் வாங்குதீங்க, அதனால அது வருமானம். உங்க சம்பளத்தோட சேர்ந்துரும்."

"குடுக்குறவருக்கு?"

"சலுகை கிடையாது. அவரும் வரி கட்டின பிறகுதான் அனுப்புதாரு."

ஒரே பணத்துக்கு இரண்டு பேரும் வரி. பிரிந்தபின் நானும் வில்பிரட்டும் சேர்ந்து செய்கிற ஒரே காரியம்!

விவாகரத்தின்போது மொத்தமாகவா, மாதாமாதமா என்று நீதிபதி கேட்டார். வக்கீல் தடுத்தும் மாதாமாதம் என்றேன். மாதா கோயிலில் கட்டிய தாலி கோர்ட்டில் அறுந்துவிடாது என்று நம்புகிற கடற்கரை ஜனம் நாங்கள். மொத்தமாக வாங்கினால் எல்லாம் முடிந்துபோகும். மாதத்துக்கு ஒருமுறையாவது அவர் என்னை நினைக்கட்டும் என்றிருந்தேன். புத்தி கெட்டவள். அவர் பம்பாயில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறார். சம்பளத்தில் பிடித்து எனக்கு அனுப்புவது அவருடைய கப்பல் கம்பெனி. அவர் நினைக்க வேண்டிய அவசியமே இல்லை.

"இப்பவும் அவர் சம்மதிச்சா மொத்தமா வாங்கி முடிச்சுக்கலாம். எழுதிக் கேளுங்களேன்," என்றார் ஆடிட்டர்.

எங்கள் மகனுக்கு இன்னும் பள்ளிக் கட்டணம் கட்டவில்லை. மொத்தமாக வாங்கினால் நாளைக்கே கட்டிவிடலாம்.

"வேண்டாம் சார்," என்றேன். "வரியப் போடுங்க."