பகலில் பிச்சைக்கண்ணுவைப் பார்த்துக்கொள்ள

1

கண்ணுகளா, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் காதால் கேட்டது ஒரே ஒரு வாக்கியம்தான். தொண்ணூற்று மூன்று ஐப்பசி, பிசானப் பருவ நெல் நடவு தொடங்குகிற நேரம். சேரன்மகாதேவி பேருந்து நிறுத்தத்தில் ஒருத்தி கேட்டாள்: "நான் நடவுக்குப் போற நேரத்துல வீட்டுக்காரரைப் பாத்துக்கிட இந்த ஊர்ல யாராச்சும் இருக்காவளா?" மூன்று பேர் மூன்று திசையில் கை காட்டினார்கள். அதற்குள் என் பேருந்து வந்துவிட்டது. அவள் எந்தப் பக்கம் போனாள்? தெரிந்துகொள்ளத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

பெயர் முத்துராணி என்று வைத்துக்கொள்வோம். 'முத்துராணி கண்ணீரைத் துடைத்தபடி ஆஸ்பத்திரி வாசலில்...'

இல்லை. அவள் அழவில்லை. தப்பாக வழிகாட்டியவரிடம், "அங்கன பிராந்திக்கடைல்லா இருக்கு, அண்ணாச்சி?" என்று கேட்கிற ரகம்.

தென்னையிலிருந்து விழுந்த புருஷன் பிச்சைக்கண்ணுவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அவள் வேலைக்குப் போனால், அவனைப் புரட்டிப் படுக்கவைக்க ஆளில்லை. போகாவிட்டால் உலை இல்லை. நாளை நடவு. வரிசையில் அவள் இடத்துக்கு வேறொருத்தி வந்துவிட்டால், பிசானம் முடியும்வரை அது அந்த வேறொருத்தியின் இடம்.

3

ஆஸ்பத்திரியில் நர்ஸ் சாலோமி அன்பாகத்தான் பேசினாள்.

"பேட்டையில ஒரு சங்கத்துல சக்கர நாற்காலி குடுக்காவ. சொல்லி வாங்கித் தாரேன்."

"நாற்காலி அவுகளுக்குத் தண்ணி குடுக்குமா, சிஸ்டர்?"

சாலோமி சிரித்துவிட்டாள். "அதுக்கு இங்க ஆள் இல்லம்மா. உங்கூட நடுதவங்ககிட்ட கேட்டியா?"

முத்துராணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கினாள்.

(இங்கேதான் எனக்கு இவள்மேல் சந்தேகம் வந்தது. ஊரெல்லாம் கேட்டவள், தோளோடு தோள் குனிகிறவர்களை ஏன் விட்டாள்? யோசித்துப் பார்த்தேன். பயம். கேட்ட மறுநிமிஷம், 'இவ சரிப்பட மாட்டா' என்று வேறு ஆள் சேர்த்துவிட்டால்?)

4

வேறு வழியில்லாமல் முத்துராணி போய்க் கேட்டபோது, நடவுக்கு ஆள் சேர்க்கிற சுடலைவடிவு வாய்க்காலில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"ஏளா, ஊரெல்லாம் சுத்திட்டுக் கடைசியிலயா எங்கிட்ட வார? வயக்காட்டு மரத்துல தொட்டில் கட்டுதோம்லா? பிள்ளையளைப் பாத்துக்கிட ஒருத்தி இருக்கா. அவளுக்கும் நம்ம கூலிதான். அங்கனயே அண்ணாச்சியையும் போடு. கட்டிலோட தூக்கிருவோம்."

"அவுக ஒத்துக்கிடணுமே, மைனி."

"பைய சொல்லிப் பாரு."

5

பையத்தான் சொன்னாள்.

"பால்குடிப் பிள்ளையளோட என்னையும் போடுதியளோ? பொம்பளையளா சேந்து என்னத் தூக்கிட்டுப் போவியளோ? ஊரு சிரிக்கும்ட்டி."

"சிரிச்சா சிரிக்கட்டும். சிரிக்கவன் வந்து உம்மப் புரட்டிப் போடுவானா?"

அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

6

ஒரு முடிவு: அவன் மரத்தடியில் படுத்தபடி தொட்டில் கயிற்றை ஆட்டுகிறான். எனக்குப் பிடித்த முடிவு. அதனாலேயே நம்ப முடியவில்லை.

இன்னொன்று: அவன் மறுத்துவிடுகிறான், அவள் வீட்டோடு இருக்கிறாள், அவள் இடத்தில்... இதை எழுதும்போது எனக்கே சோறு இறங்கவில்லை.

ஆகவே விடியலோடு நிறுத்துகிறேன். சுடலைவடிவும் இன்னும் இரண்டு பெண்களும் வந்துவிட்டார்கள். முத்துராணியோடு நாலு பேர். யாரும் அனுமதி கேட்கவில்லை. கட்டில் காலுக்கு ஒருத்தியாகப் பிடித்து அவனோடு தூக்கிவிட்டார்கள். நிலைப்படியில் பிச்சைக்கண்ணு கையை நீட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"நில்லுங்க. அங்கன யாரெல்லாம் இருப்பாவ?"

இது வெட்கமா, ஆசையா? அவன் கதவை விடுவானா, மாட்டானா? எழுதுகிற எனக்குத் தெரியவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் படுத்திருந்திருப்பார், உங்களுக்குத் தெரியும். சீக்கிரம் சொல்லுங்கள் கண்ணுகளா. அவர்களுக்குக் கை வலிக்கும்.