நாளொன்றுக்கு ஏழடி

கல்குவாரிக் குடியிருப்பின் நாற்பத்து மூன்று வீடுகளில் நாற்பத்திரண்டு வீடுகள், ஒரு திங்கட்கிழமை பகலில், ஆட்களெல்லாம் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், சாலையை நோக்கி ஏழடி நகர்ந்தன. சாயங்காலம் திரும்பியவர்கள், வாசலில் விட்டுப்போன துடைப்பம் போட்ட இடத்திலேயே கிடக்க, வீடு மட்டும் தள்ளி நிற்பதைப் பார்த்தார்கள். சுவரில் ஒரு கீறல் இல்லை. அடுப்பின் மேல் மூடி வைத்த சட்டி அலுங்கக்கூட இல்லை. கல் சுமந்த களைப்பில் அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு குட்டைக்குப் போனார்கள். குட்டை ஏழடி தூரமாகிவிட்டதே என்பதுதான் வருத்தம்.

நகர்ந்ததற்குக் காரணம் இருந்தது. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெரிய குழாய் சாலையோரமாகப் போய் முப்பத்தோரு ஊர்களுக்குத் தண்ணீர் கொடுத்தது. குடியிருப்பு அதிலிருந்து ஆயிரத்து நானூறு மீட்டர் தள்ளி இருந்தது. ஐந்நூறு மீட்டருக்குள் இருந்தால்தான் இணைப்பு என்பது விதி. அவர்களை அத்தனை தள்ளிக் குடிவைத்தவர்களே அந்த முப்பத்தோரு ஊர்க்காரர்கள்தான், ஆனால் விதியில் அதைச் சொல்ல இடமில்லை. குட்டைத் தண்ணீர் முதலில் பல்லைப் பழுப்பாக்கும், பிறகு முட்டியை வளைக்கும். ஜல்லி சுமக்கிற ஒருத்தி, எட்டாவது வரை படித்தவள் என்பதால், இதைப் பற்றி மனு எழுதத் தொடங்கி, அறுபது மனுவில் சொந்தப் பெயர் மறைந்து மனுக்காரி ஆகிவிட்டாள். அவளுடைய நாலு வயது மகளின் கால்கள் உள்பக்கமாக வளைய ஆரம்பித்தபோது, மருத்துவர் சீட்டு எதுவும் எழுதாமல், "தண்ணிய மாத்துங்கம்மா, அவ்வளவுதான்" என்றார். அன்றைக்கு எழுதிய அறுபத்தோராவது மனுவுக்கு, "தொலைவு குறையும்பட்சத்தில் பரிசீலிக்கப்படும்" என்று பதில் வந்தது. அதை அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரு நடுவில் நின்று சத்தமாக வாசித்தாள். வீடுகளுக்கும் கேட்டிருக்கும்.

நகராத ஒரு வீடு மனுக்காரியின் மாமியாருடையது. உள்ளே ஆள் இருந்தால் வீடு நகர்வதில்லை என்பது ஒரே வாரத்தில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. மாமியாரோ நாற்பது வருடம் குட்டைத் தண்ணீர் குடித்து, இரண்டு முட்டியும் மடங்கி, வாசற்படியைத் தாண்டி மூன்று வருடம் ஆகியிருந்தது. மகன் தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டு வந்தவள் என்று மனுக்காரியோடு பேச்சும் கிடையாது. அடுத்தடுத்த வீட்டில் இருந்தும் "அவ" என்பதோடு சரி. பேத்தியைக்கூட எட்ட இருந்து பார்த்ததுதான். மகன் வந்து கெஞ்சினான்.

"பகல்ல மட்டும் வெளிய வந்து உக்காரும்மா. நான் தூக்கிட்டுப் போறேன். வீடு தானா வந்துரும்."

"நடக்க முடியாதவ நானு. என் வீடு நடக்குமாம். நல்லா இருக்குடா உங்க நியாயம். நான் இல்லாதப்ப அது எங்கெங்க போய் நிக்குமோ, யாரு கண்டா?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிவிட்டான்.

பதினான்கு மாதம் வீடுகள் நாளுக்கு ஏழடி என்ற கணக்குத் தவறாமல் நகர்ந்தன. மழை நாளில் வேலை இல்லாமல் ஆட்கள் வீட்டிலிருந்தால், அடுத்த நாள் பதினாலடி. தபால்காரர் பழகிக்கொண்டார். குடிநீர் அலுவலகத்து அளவுக்காரர் முதல் தடவை அளந்தபோது ஆயிரத்து நூற்று எண்பது மீட்டர்; அடுத்த தடவை எழுநூற்று அறுபது. டேப் கெட்டுவிட்டது என்று எழுதிக்கொடுத்துப் புது டேப் வாங்கி வந்தார். கடைசியில், விதி தெரிந்தவைபோல, நானூற்றுத் தொண்ணூற்றெட்டு மீட்டரில் வீடுகள் நின்றன. அதற்கு மேல் ஓரடி எடுத்து வைக்கவில்லை. இணைப்புக் கொடுத்தால் தங்கள் ஊரில் தண்ணீர் அழுத்தம் குறையும் என்று முப்பத்தோரு ஊர்க்காரர்களில் சிலர் ஆட்சேபித்தார்கள்; அலுவலகம் கொடுத்தது, அழுத்தம் குறையவில்லை. தண்ணீர் வந்த அன்று மனுக்காரியின் மகள் ஒரு தம்ளர் முழுக்கக் குடித்துவிட்டு, "இதுல ஒண்ணுமே இல்லம்மா" என்றாள். மனுக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டு குடத்தைக் கழுவினாள். ஏற்கெனவே கழுவின குடம்தான்.

அன்று முதல் வேலை முடிந்ததும் ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, தொள்ளாயிரம் மீட்டர் பின்னால் தனியாக நின்ற வீட்டுக்கு நடந்தாள். மாமியார் வாயைத் திறக்காமல் மூலையைக் காட்டுவாள். இவள் ஊற்றிவிட்டு வருவாள். ஏழு மாதம் இப்படிப் போனது. அறுபத்திரண்டாவது மனுவுக்கு, ஒரே ஒரு வீட்டுக்காக விதியைத் தளர்த்த இயலாது என்று பதில் வந்தது. அந்தக் கடிதம் கையில் கிடைத்த வியாழக்கிழமை சாயங்காலம், மனுக்காரியின் வாசலில் குழாயைக் காணோம். குழாய் இருந்த இடத்தில் ஈரம்கூட இல்லை. மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டு கிளம்பிய பைப், கற்களுக்கு மேலும் முட்செடிகளுக்கு நடுவிலும் வளைந்து வளைந்து போயிருந்தது. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் அதன் பின்னாலேயே போனாள். பைப் மாமியார் வீட்டு வாசலில் முடிந்தது. குழாய் நிமிர்ந்து நின்றது. கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து மாமியார் பானை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா வாசல்ல நிக்குது" என்றாள். மனுக்காரியிடம் அவள் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

மறுநாள் அளவுக்காரர் வந்தார். அலுவலகச் சாமான் கிட்டங்கியின் கணக்குப்படி அந்த இணைப்புக்குக் கொடுத்தது பன்னிரண்டு மீட்டர் பைப். தரையில் கிடந்தது தொள்ளாயிரத்துக்கு மேல், நடுவில் ஓர் ஒட்டு இல்லை. முழு நீளத்தையும் குனிந்து குனிந்து தடவிப் பார்த்து, "கசிவு இல்லை" என்று படிவத்தில் குறித்துக்கொண்டு, இது யார் வீட்டு இணைப்பு என்று கேட்டார். மனுக்காரி என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் உள்ளேயிருந்து பதில் வந்தது.

"எம் மருமக வீட்டுக் குழாய்ங்க. இப்போதைக்கு இங்க இருக்கு."

அவர் அப்படியே எழுதிக்கொண்டு படிவத்தை நீட்டினார். மனுக்காரி கையெழுத்துப் போட்டாள். மாமியார் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு, அதன் கால்களை நீட்டி மடக்கி, எவ்வளவு நேராகியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.