ஒன்பதாவது பாரா

போன செவ்வாய்க்கிழமை தளவாயின் வலது காதை நான் வெட்டிவிட்டதாக முன்சீப் கோர்ட்டில் முடிவானது. நான் வெட்டவில்லை. இல்லை என்று சொல்லாமல் இருந்துவிட்டேன். பதினொன்றே கால் மணிக்குக் காது கீழே விழுந்தது.

குமாஸ்தா அதைப் பொறுக்கி எடுத்து, கோணூசியால் கேஸ் கட்டோடு சேர்த்துத் தைத்தார். மேலே நம்பர் போட்டார். ரத்தம் சொட்டியது. மற்ற காகிதங்களை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

கோர்ட்டுச் சட்டம் அப்படி. எதிராளி பிராதில் பாரா பாராவாக எழுதுவான். ஒவ்வொரு பாராவையும் நீ தனித்தனியாக மறுக்க வேண்டும். மறுக்காதது நடந்ததாகும். பிராதில் இல்லாதது நடக்காததாகும். இதை எனக்கு யாரும் முதலில் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

தளவாய் என் பக்கத்து வயல்காரன். ஒரு வரப்புக்காக எங்களுக்குள் இருபத்திரண்டு வருஷப் பகை. அவன் பிராதில் ஒன்பது பாரா. முதல் இரண்டும் பெயர், ஊர், வயல். மூன்று, காது. நான்கு, இடது கை. ஐந்து, வலது கை. ஆறும் ஏழும் கால்கள். எட்டு, என் கெட்ட குணம். அதை நானும் மறுக்கவில்லை. ஒன்பதைப் படித்துப் பார்க்கவில்லை. எழுத்து ரொம்பப் பொடியாக இருந்தது.

யார் எது கேட்டாலும் நான் ஆமாம் என்று சொல்வதில்லை. இல்லை என்றும் சொல்வதில்லை. தாலுகா ஆபீசில், கூட்டுறவு சங்கத்தில், ஓட்டுக் கேட்டு வந்தவனிடம், பெண் கேட்டு வந்தவனிடம், எல்லாரிடமும் ‘பார்ப்போம்’ என்பேன். எழுபத்தோரு வயது வரை எவன் கையிலும் சிக்காமல் இருந்தது அதனால்தான்.

வியாழக்கிழமை அடுத்த வாய்தா.

“இடது கையை வெட்டினீரா?” என்று ஜட்ஜ் கேட்டார். அவர் மேஜை வாய்தாவுக்கு நாலு படி உயர்ந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அவருடைய மூக்குக்கண்ணாடி மட்டும் தெரிந்தது.

“பார்ப்போம்யா.”

இடது கை விழுந்தது. மணிக்கட்டோடு அல்ல, தோளோடு. பிராதில் தோள் என்றுதான் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. “எல்லாமே பொய்யிய்யா! இந்தப் பய எழுதுனது அம்புட்டும் புளுகு!”

“எதை மறுக்கிறீர்?”

“எல்லாத்தையும்.”

“மொத்தமாக மறுத்தால் மறுத்ததாகாது” என்றது கண்ணாடி. வலது கை விழுந்தது. விரல்கள் கொஞ்ச நேரம் தரையைப் பிறாண்டின.

“சரிய்யா. கால வெட்டுனது எனக்குத் தெரியாது.”

“நீர் வெட்டியது உமக்கே தெரியாதா?”

இரண்டு காலும் ஒன்றாகப் போயின. தளவாய் தரைமட்டத்துக்கு வந்துவிட்டான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“அஞ்சு பாரா ஜெயிச்சாச்சுல, மாசானம்!” என்று என்னைப் பார்த்துக் கத்தினான்.

வராந்தாவில் வைத்து அவனை அடித்தேன். செங்கல்லை எடுத்து வாயிலேயே அடித்தேன். மூன்று பல் கொட்டியது. கோர்ட்டில் பெயர் கூப்பிடும் டவாலி ஓடி வந்தார். பிராதைப் புரட்டிப் பார்த்தார்.

“பல்லு இதுல இல்லையே” என்றார்.

மூன்று பல்லும் திரும்பிப் போய் ஈறில் உட்கார்ந்தன. தளவாய் சிரித்தான். மூக்கில் அடித்தேன். நெஞ்சில் மிதித்தேன். கை ஓயும்வரை அடித்தேன். ஒரு அடியும் நடந்ததாக ஆகவில்லை.

திங்கட்கிழமை கடைசி வாய்தா. தளவாயின் பெண்சாதி பேச்சி அவனை ஓலைப்பெட்டியில் வைத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். வராந்தாவில் என்னை மறித்தாள்.

“அண்ணாச்சி, ஒம்போதாவது பாரா என்னன்னு தெரியுமா?”

“என்ன?”

“இன்னைக்கு, ஐப்பசி பன்னெண்டு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மதகடியில வச்சு நீங்க இவுக கழுத்த அரிவாளால அறுத்துக் கொன்னுட்டியளாம்.”

“ஏல, அத எதுக்குல எழுதுன?” என்று பெட்டிக்குள் பார்த்துக் கேட்டேன்.

“கேஸுக்கு வலு வேணும்லா” என்றான் தளவாய்.

“வாபஸ் வாங்கச் சொல்லு பேச்சி.”

“கையெழுத்துப் போட கைக்கு எங்க போக? ரேகை வைக்க வெரலு கூட கட்டோட தச்சுக் கெடக்கு. இந்த மனுசன் ஜெயிச்சே செத்துருவாரு அண்ணாச்சி. இல்லன்னு ஒரு வார்த்த நீங்கதான் சொல்லணும்.”

தளவாயைக் கொல்ல வேண்டும் என்று இருபத்திரண்டு வருஷமாக நினைத்திருக்கிறேன். மாடு குளிப்பாட்டும்போது நினைப்பேன். சவரம் செய்யும்போது நினைப்பேன். எங்கே குத்தினால் சீக்கிரம் போவான், எங்கே குத்தினால் இழுத்துக்கொண்டு கிடப்பான் என்றெல்லாம் யோசித்து வைத்திருக்கிறேன். அது வேறு. கொன்றால் நான் கொன்றதாக இருக்க வேண்டும். காகிதம் கொன்றுவிட்டு என் பெயரைப் போடக் கூடாது.

ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் நான் அன்றைக்குத்தான் அமர்த்திய வக்கீல் ஆவுடையம்மாள் கறுப்புக் கோட்டோடு தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“பெரியவரே, ஒரே வார்த்ததான். கொல்லல. முன்ன ஒண்ணும் வேண்டாம், பின்ன ஒண்ணும் வேண்டாம். சொல்லிட்டு வாய மூடிக்கிடணும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் என்று எவர் சொன்னாலும் எனக்குச் சந்தேகம் வரும். அவ்வளவுதான் என்று சொல்லித்தான் என் கூடப்பிறந்த அண்ணன் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டான். ஒற்றை வார்த்தையில் ஓட்டை இருக்கும். எந்த நாள் கொல்லவில்லை, எந்த இடத்தில் கொல்லவில்லை என்று நாளைக்கு ஒருவன் வந்து நிற்பான். எல்லா ஓட்டையையும் நானே அடைத்துவிட முடிவு செய்தேன். வக்கீலம்மாவிடம் சொல்லவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை. நான் டவாலியின் முன்னால்தான் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்து என் பெயரை மூன்று தடவை கத்தினார். ஜட்ஜின் கண்ணாடி கூட இப்போது தெரியவில்லை. குரல் மட்டும் கூரைப் பக்கமிருந்து வந்தது.

“ஒன்பதாவது பாராவை மறுக்கிறீரா?”

நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். “ஐப்பசி பன்னெண்டாம் தேதி, சாயங்காலம் அஞ்சு மணிக்கு, மதகடியில வச்சு, அரிவாளால, தளவாய் கழுத்த அறுத்து நான் கொல்லலைய்யா.”

ஆவுடையம்மாள் தலையில் அடித்துக்கொண்டார்.

“அப்படியானால் வேறு நாளில்?” என்றது குரல். “வேறு இடத்தில்? வேறு ஆயுதத்தால்?”

“பார்ப்போம்யா.” வாய் அதுவாகச் சொல்லிவிட்டது.

மேலே பேனா கீறும் சத்தம் கேட்டது. “பிரதிவாதி நாளை மறுத்தார். நேரத்தை மறுத்தார். இடத்தையும் ஆயுதத்தையும் மறுத்தார். கொலையை மறுக்கவில்லை. கொலை ஒப்புக்கொள்ளப்பட்டது.”

தளவாயின் கழுத்தில் தாடைக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. நூல் கனம்தான் இருக்கும்.

“எம்மா, இது எப்பம்மா தெறக்கும்?” என்று பேச்சி வக்கீலைக் கேட்டாள்.

“எப்ப வேணாலும் தெறக்கும். எங்க வேணாலும் தெறக்கும். இவரு கொல்லலன்னு கோர்ட்டு எழுதியிருக்கது ஒரே ஒரு எடத்துக்குத்தான். ஒரே ஒரு நேரத்துக்குத்தான்.” ஆவுடையம்மாள் மூக்கு விடைக்க என்னைப் பார்த்தார். “அதுவும் அரிவாளோட. அப்ப அங்க மட்டும் தெறக்காது.”

பேச்சி என்னைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றே முக்கால்.

தளவாயை முதுகில் வைத்து வேட்டியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடினேன். வராந்தா முடியவில்லை. தூண் வந்துகொண்டே இருந்தது. அறுபதுக்கு மேல் எண்ணவில்லை. அவன் கழுத்துக் கோடு ஒரு ஓரத்தில் விட்டுக்கொண்டது. சூடாக என் முதுகில் இறங்கியது.

“மெல்ல ஓடுல. குலுங்குது.”

“பேசாதல. பேசப் பேசக் கிழியுது.”

“கேஸு ஜெயிச்சது நான்தானல?”

“நீதாம்ல. வாய மூடு.”

போகிற வழியில் என் வீட்டுக்குள் புகுந்து அரிவாளை எடுத்தேன். மதகடிக்கு வந்தபோது அவன் தலை பின்னால் தொங்க ஆரம்பித்திருந்தது. அவனை மதகுச் சுவரில் சாய்த்து வைத்தேன். பேச்சி பின்னாலேயே வந்துவிட்டாள். கோர்ட்டுக் கடிகாரத்தைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

சரியாக ஐந்து மணிக்கு அரிவாளை அவன் கழுத்தில், அந்தக் கோட்டின் மேலேயே வைத்தேன். ரத்தம் நின்றது. கிழிந்த இடம் மூடிக்கொண்டது.

“இப்பதாம்ல மூச்சு வருது” என்றான் தளவாய்.

பேச்சி கடிகாரக் கண்ணாடியைக் கல்லில் உடைத்தாள். பெரிய முள்ளை ஒரு கையாலும் சின்ன முள்ளை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டாள். முள் போகப் பார்த்தது. விரலை அறுத்தது. அவள் விடவில்லை. மணி ஐந்தாகவே இருந்தது. தண்ணீர் மதகு வாயில் விழாமல் நின்றது.

அரிவாளை எடுத்தால் ஆயுதம் மாறிவிடும். அழுத்தினால் நானே அறுத்ததாகி, மறுத்தது பொய்யாகிவிடும். எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. இரண்டு கையாலும் பிடித்தேன்.

“ஏல மாசானம்.”

“என்னல?”

“தும்மல் வருதுல.”

“அடக்குல. தல ஆடுனா அறுந்துரும்.”

மூக்கைப் பிடிக்க அவனுக்குக் கை இல்லை. என் இரண்டு கையும் அரிவாளில் இருந்தன. பேச்சியின் இரண்டு கையும் ஐந்து மணியில் இருந்தன.