துணைத் தலைவரின் கட்டைவிரல்

முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோது என் கைபேசி அதிர்ந்தது. ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதுகூடக் கொஞ்சம் அதிகம். ஆரே ஆற்றின் பெயர் கொண்ட எங்கள் விளையாட்டுக் கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் தலைவர் குலேந்திரன் ஒரு படம் போட்டிருந்தான். விரித்துப் பிடித்த சிவப்புக் கோப்பு, உள்ளே ஒரு தாள், தாளின் அடியில் தடித்த கறுப்பு மார்க்கரால் கையெழுத்து, அதற்கு மேலே குலேந்திரனின் சிரிக்காத முகம். எழுத்து பொடிப்பொடியாக இருந்தது. என் கண்ணாடி லொக்கரில் இருந்தது. தலைவர் எதைப் போட்டாலும், பிறந்தநாளோ செத்தவீடோ மழைக்கு விளையாட்டு நிறுத்தமோ, ஒரு கட்டைவிரலைத் தூக்கி வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பது எங்கள் கழகத்தில் ஊறிப்போன வழக்கம். நானும் வைத்தேன். கிழங்குக்குத் திரும்பினேன்.

மத்தியானம் வதனி அழைத்தாள். என் மனைவி வேலை நேரத்தில் அழைத்தால் யாரோ ஆஸ்பத்திரியில் என்று அர்த்தம்.

“வாசிச்சனீங்களோ?”

“எதை?”

“நீங்கள் விரல் போட்டதை.”

கண்ணாடியை எடுத்து வந்து வாசித்தேன். ‘தலைவரின் ஆணை இல. 3. பெண்கள் அணியின் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து செல்வி மதுஜா சண்முகநாதன் இன்றுமுதல் விடுவிக்கப்படுகிறார். அவ்விடத்துக்குத் திரு. தவச்செல்வன் குலேந்திரன் நியமிக்கப்படுகிறார்.’ அடியில் வரிசையாகக் கட்டைவிரல்கள். எல்லோருக்கும் முன்னால் போட்டவர் சண்முகநாதன், அதாவது நான், அதாவது மேற்படி செல்வி மதுஜாவின் தகப்பன். தோலுரித்த கிழங்குகள் தொட்டிக்குள் என்னைப் பார்த்தபடி கிடந்தன. எனக்கும் அவற்றுக்கும் அந்த நேரத்தில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை.

இந்த ஆணைகள் எப்படித் தொடங்கின என்பதைச் சொல்லவேண்டும். குலேந்திரன் எங்கள் இல்லத்துக்குச் சலவைத் துணி கொண்டுவரும் வான் சாரதி. காலையில் பின்கதவுக்கு வருவான். துணிக்கூடைகளை இறக்கிவிட்டு நானும் அவனும் ஒரு சிகரெட்டை இரண்டாக்கி உலக அரசியல் கதைப்போம். நாங்கள் இருக்கிற நாட்டின் ஜனாதிபதி யார் என்று கேட்டால் இருவருமே கைபேசியைத் தடவுவோம். பாவம், அந்தப் பதவி இங்கே வருடத்துக்கு ஒருவராக மாறும், மனதில் நிற்காது. ஆனால் அமெரிக்காவில் யார் யாரை எந்த மந்திரியாக்கப் போகிறார்கள், செனட்டில் யார் காலை வாருவார்கள் என்பதெல்லாம் எங்களுக்கு விரல் நுனியில். அந்த ஜனவரியில் புது ஜனாதிபதி பதவியேற்று, முதல் நாளே கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போட்டதைக் குலேந்திரன் வீட்டுத் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். மறுநாள் பின்கதவடியில் சண்டை தொடங்கியது.

“பாத்தனியோ மச்சான், அது ஆம்பிளை! வந்த அண்டைக்கே சைன். எங்கடை ஆக்கள் எண்டால் ஒரு பந்து வாங்க ஒரு கமிட்டி. கமிட்டிக்குத் தேத்தண்ணி போட இன்னொரு கமிட்டி.”

“அப்ப காங்கிரஸ் எதுக்கு, சுப்ரீம் கோர்ட் எதுக்கு? ஒரு அனுபவமும் இல்லாதவனையெல்லாம் கூட்டாளி எண்டதுக்காகக் கதிரையில ஏத்தினால் நாடு உருப்படுமோ?”

“அனுபவம் வந்து சேரும். விசுவாசம் வராது. நீ சும்மா ஜனநாயகக் கட்சிக்காரன் மாதிரிக் கதையாதை.”

“நீ என்ன, குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போட்டனியோ? நாங்கள் ரெண்டு பேரும் அங்கை போறதுக்கே விசா வேணும்!”

சத்தம் கேட்டு சமையல்காரப் பெண் எட்டிப் பார்த்தாள். வீட்டுப் பிரச்சினையாக்கும் என்று நினைத்து மெல்லக் கதவைச் சாத்தினாள்.

அந்தக் கிழமையே முதலாவது ஆணை வந்தது: துணைத் தலைவராக என்னை நியமிக்கும் ஆணை. அனுபவமில்லாத கூட்டாளியைக் கதிரையில் ஏற்றுவது பற்றி அமெரிக்காவுக்கு வகுப்பெடுத்த வாய் மூடுவதற்கு முன்னமே நான் துணைத் தலைவராகியிருந்தேன். எனக்குக் கழகத்தில் இருந்த தகுதி, நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் அணியில் இடதுபுறம் நின்று மூச்சு வாங்குவது. மறுக்க நினைத்தேன். ஆனால் வதனி அன்று தோசை சுட்டாள், தோசைக்கு நடுவில் யாரோ என்னை “வைஸ்” என்று அழைத்து வாழ்த்தினார்கள், காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது ஆணையில் எங்கள் கோடைக் கிண்ணத்தின் பெயர் குலேந்திரனின் அப்பாவின் பெயராகியது. சிரித்துக்கொண்டே விரல் வைத்தோம். மூன்றாவது, என் பிள்ளை.

மதுஜாவின் குற்றம் இதுதான். பெண் பிள்ளைகள் அணியைப் பள்ளிக்கூட முற்றத்துத் தார்த்தரையில் இருந்து உருவாக்கியவள் அவள். புதன்கிழமைகளில் செயற்கைப் புல் மைதானம் எங்கள் நாற்பது தாண்டிய வயிறுகளுக்கு, பிள்ளைகளுக்குத் தார். குலேந்திரனிடம் கேட்டாள், “பாப்பம்” என்றான். மீண்டும் கேட்டாள், மீண்டும் பாப்பம். அவள் இங்கே பிறந்த பிள்ளை, ‘பாப்பம்’ என்றால் இல்லை என்று அர்த்தமென்பது அவளுக்கு யாரும் படிப்பிக்கவில்லை. நேரே நகரசபையின் விளையாட்டுப் பகுதிக்கு எழுதினாள். புதன்கிழமைப் புல் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. எனக்குள்ளே பெருமையாகத்தான் இருந்தது. வெளியே, அணியினருக்கு முன்னால், “இந்தக் காலத்துப் பிள்ளையள்” என்று தலையாட்டினேன்.

வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது அவள் மேசையில் பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். அறைக்குள் ஓடிவிடலாமா என்று பார்த்தேன். வதனி வழியில் நின்றாள்.

“நான் வாசிக்கேல்லை பிள்ளை. கண்ணாடி...”

“தெரியும். அம்மா சொன்னவ.” பந்தை அமுக்கிப் பார்த்தாள். “நீங்கள் வாசிச்சுப் போட்டு விரல் போட்டிருந்தால் உங்களோட சண்டை பிடிச்சிருப்பன் அப்பா. வாசிக்காமல் போட்டதுக்கு என்னத்தைச் செய்யிறது?”

அடுத்த பந்தை எடுத்துக்கொண்டே, “விரலை எடுக்கலாம்தானே?” என்றாள்.

எடுக்கலாம். ஒரு தட்டு, விரல் போய்விடும். அதற்கு முன் குலேந்திரனைப் பிடித்து நாலு கேள்வி கேட்காவிட்டால் நான் ஒரு தகப்பனா என்று மறுநாள் பின்கதவில் காத்திருந்தேன். வான் வந்தது. அவன் கூடையை இறக்க முன்னமே தொடங்கிவிட்டேன்.

“டேய், உனக்கு விசரோ? என்ரை பிள்ளையைத் தூக்கிப்போட்டு உன்ரை மகனை வைக்கிறாய். இதைத்தானே நான் முதல் நாளில இருந்து சொல்லுறன், அங்கை அவன் செய்யிறதும் இங்கை நீ செய்யிறதும்...”

“அமெரிக்காவை விடு” என்றான் குலேந்திரன். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருமென்று நான் நினைத்ததே இல்லை.

சிகரெட்டைப் பற்றவைக்காமல் விரல்களுக்குள் உருட்டினான். தவச்செல்வன் எங்கள் கழகம் கண்டவர்களிலேயே பெரிய ஆட்டக்காரன். போன வருடத்துச் சூரிச் சுற்றுப்போட்டியில் முழங்கால் திரும்பி விழுந்தான். சத்திரசிகிச்சை, ஊன்றுகோல், பிறகு வேலையும் போனது. அதற்குப் பிறகு அவனை நாங்கள் யாரும் வெளியில் காணவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“சாப்பாட்டுக் கோப்பையை அவன்ரை அறை வாசலில வைச்சிட்டு வாறன் மச்சான். ஹோட்டலில வைக்கிற மாதிரி. அண்டைக்கு உன்னைத் துணைத் தலைவராக்கிற பகிடிக்கு, ‘தம்பி, ஒரு படம் எடுத்துத் தாவன்’ எண்டு கதவில தட்டினன். வெளியில வந்தான். ‘அப்பா, அந்த ஃபைலைக் கொஞ்சம் சரிச்சுப் பிடியுங்கோ’ எண்டான். சிரிச்சவன், சண்முகம். அதுக்குப் பிறகு நான் என்ன செய்ய? இன்னொரு ஆணை போட்டன்.”

கூடையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். நாலு கேள்வியும் என் வாயிலேயே இருந்தன. கைபேசியை எடுத்தேன், விரலைப் பார்த்தேன், திரும்பச் சட்டைப்பைக்குள் வைத்தேன். வீட்டில் மதுஜா ஒவ்வொரு நாளும் ஒருமுறை தன் கைபேசியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். என் விரல் அங்கேயே நின்றது.

வருடாந்தப் பொதுக்கூட்டம் பெப்ரவரிக் கடைசிச் சனிக்கிழமை, தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில். ஃபஸ்நாக்ட் என்ற முகமூடித் திருவிழாவுக்காக மண்டபம் முழுக்கக் காகித முகமூடிகள் தொங்கின. மேடைக்கு நேரே ஒரு பெரிய கோமாளி. அதற்கு நேர் கீழே துணைத் தலைவரின் நாற்காலி. மாற்றி இருக்கலாமா என்று பார்த்தேன், மற்றப் பக்கம் ஒலிபெருக்கி. சனம் தானாகவே இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தது: யன்னல் பக்கம் தலைவர் கட்சி, கதவுப் பக்கம் பெட்டைகள் கட்சி. வதனி கதவுப் பக்கம். சுவரோரமாக, வாக்கு இல்லாத அணிப் பிள்ளைகள் நீலச் சட்டைகளோடு வரிசையாக நின்றார்கள். கடைசி வரிசையில் ஒரு காலை நீட்டியபடி தவச்செல்வன்.

மதுஜா எழுந்தாள். கையில் கழக யாப்பு, அதாவது சட்டவிதிகள் அச்சடித்த தாள்.

“மாமா, ஸ்டாட்யூட்டனில பயிற்சியாளரைப் பொதுக்கூட்டம்தான் நியமிக்கும், பொதுக்கூட்டம்தான் நீக்கும் எண்டு இருக்கு. உங்கடை ஆணை செல்லாது.”

“பொதுக்கூட்டத்தில இருக்கிற அதே சனம்தான் பிள்ளை குறூப்பிலயும் இருக்கு.” குலேந்திரன் சிவப்புக் கோப்பைத் திறந்து ஒரு தாளைத் தூக்கிக் காட்டினான். கட்டைவிரல்களைப் படமெடுத்து அச்சடித்திருந்தான். “இவ்வளவு பேர் ஓமெண்டிருக்கினம். இதைவிட என்ன வாக்கெடுப்பு?”

“என்ரை விரலைக் கழியுங்கோ!” கதவுப் பக்கமிருந்து யேசுதாசன் எழுந்தார். “நான் ஆரோ செத்திட்டினம் எண்டு நினைச்சுப் போட்டது!”

“செத்தவீட்டுக்கு ஆர் ஐசே கட்டைவிரல் போடுறது?” என்றது யன்னல் பக்கம்.

“நீங்கள் எல்லாரும் போடுறனீங்கள்தானே!”

சிரிப்பு எழுந்து பாதியில் நின்றது. யாரோ, “இது கழகமோ, வெள்ளை மாளிகையோ?” என்றார்கள். யாரோ, “அங்கையாவது வருமானம் இருக்கு” என்றார்கள். யன்னல் பக்கத்தில் ஒருவர் மதுஜாவைக் காட்டி, “தலைவரைத் தாண்டி வெள்ளைக்காரருக்குக் கடிதம் எழுதின பிள்ளை” என்றார். வதனி எழுந்தாள். அவள் எழுந்த விதத்தில் அவர் உட்கார்ந்தார். நான் கோமாளிக்குக் கீழே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். குடித்து முடித்த பிறகும் குடித்துக்கொண்டிருந்தேன்.

“மாமா,” என்றாள் மதுஜா. “அந்தத் தாளில முதல் விரல் ஆற்றை எண்டு வாசியுங்கோ.”

குலேந்திரன் வாசிக்கவில்லை. அவன் என்னைப் பார்க்கவும் இல்லை. அதுதான் அவன், நாலு ஆணை போடுவான், கூட்டாளியைச் சபையில் காட்டிக்கொடுக்க மாட்டான். ஆனால் மண்டபம் முழுவதும் என்னைப் பார்த்தது.

“கையைத் தூக்கிப் பாப்பம்,” என்றான் குலேந்திரன் கடைசியில், கோப்பை மூடி. “மதுஜா தொடரவேணும் எண்டுறவை தூக்குங்கோ. துணைத் தலைவர் எண்ணுவார்.”

கைகள் எழுந்தன. நான் மேடையின் விளிம்பில் நின்றேன். எண்ண ஒரு விரல் போதும். இன்னொரு கை சும்மா தொங்கியது. வாழ்நாளில் அந்தக் கையை நான் அவ்வளவு பாரமாக உணர்ந்ததில்லை. அதை மெதுவாகத் தூக்கினேன், பள்ளிக்கூடத்தில் வெளியே போகக் கேட்பதுபோல. யன்னல் பக்கம் கசமுசவென்றது. யாரோ, “வைஸ்ஸே மாறிட்டார்” என்றார்கள். மதுஜா யாப்புத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, என் கையை ஒருமுறை பார்த்தாள். முகத்தில் எதுவும் இல்லை. ஆனால் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

இடக்கை மேலே, வலக்கை விரல் முன்னே. இந்தக் கோலத்தில் வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டு இறங்கினேன். கதவுப் பக்கம் முடிந்து, யன்னல் பக்கத்தில் எதிர்பாராத இரண்டு கைகளையும் சேர்த்து, கடைசி வரிசைக்கு வந்தேன்.

தவச்செல்வனின் கைபேசி மடியில் கிடந்தது. அவனுடைய வலது கை காதடியில் நின்றது. சொறிகிற கை என்றால் விரல்கள் அசையவேண்டும், அசையவில்லை. தூக்கிய கை என்றால் முழங்கை விலாவை விட்டிருக்கவேண்டும், விடவில்லை. அவன் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு மேலால், மேடையில் நிற்கும் தகப்பனைப் பார்த்தான்.

“சண்முகம், எத்தினை?” என்று குலேந்திரன் கேட்டான். அவனுக்கும் அந்தக் கை தெரிந்திருக்க வேண்டும்.

அதை எண்ணுவதா விடுவதா? எண்ணினால் கூட்டாளியின் பிள்ளையைத் தகப்பனிடமே பிடித்துக் கொடுத்ததாகும். விட்டால், அவன் எவ்வளவு தூரத்திலிருந்து கொண்டுவந்த கையோ அது.

“கணக்கு விட்டுப்போச்சு மச்சான்,” என்றேன். “திரும்ப எண்ணோணும். ஒருத்தரும் கையை இறக்காதேங்கோ.”

முன்வரிசையை நோக்கித் திரும்பி நடந்தேன், என் கையையும் இறக்காமல். தோள்மூட்டு வலித்தது. எவ்வளவு மெதுவாக நடக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக நடந்தேன். எனக்குப் பின்னால் ஒரு கதிரை கிறீச்சிட்டது. சுவரோரம் நின்ற நீலச் சட்டைப் பிள்ளைகளின் கண்கள் ஒன்றன்பின் ஒன்றாக என்னை விட்டு விலகி, கடைசி வரிசைக்குப் போய், அங்கே மெல்ல மேலே உயர்ந்தன.